இடது பக்கத்து ஈரம்

எங்கள் காம்பவுண்டில் அவருக்கு லப்பம் என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சித்தூரில் மிஷன்காரர்கள் விட்டுப்போன அந்தப் பழைய வளாகத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் இன்னும் இருக்கிறோம். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. முகத்துக்கு நேரே 'அண்ணா', முதுகைத் திருப்பினால் 'லப்பம் அண்ணன்'. இரண்டும் அவர் காதில் விழும். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

லப்பம் என்பது பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தகரத்திலும் சுவரிலும் இருக்கிற குழிகளை நிரவப் பூசும் பசை. அவர் சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, லப்பம் பூசுகிற சின்னத் தகடு ஒன்று இருக்கும். எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவார். குழாயோ தொட்டியோ ஓடோ, எதுவாக இருந்தாலும் அடைத்துவிட்டுத்தான் திரும்பி வந்து உட்காருவார். "அடச்சிட்டா போச்சி" என்பது அவர் வாயில் ஆமென் மாதிரி வரும்.

ஒரு அறுப்புப் பண்டிகை ஆராதனையில், சபைப் போதகரான ஐயர் உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது இவர் எழுந்து நின்றுவிட்டார். சாட்சி சொல்லப்போகிறார் என்று நினைத்து ஐயரும் நிறுத்தினார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஐயரே, மூணாவது உத்தரத்துகிட்ட ஈரம் கீது. மழ வந்தா காணிக்க மேச மேல சொட்டும்."

சிரிப்பை அடக்கப் பாடகர் குழுவுக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. ஆராதனை முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, ஈரம் தெரிந்த இடத்தில் கனமாகப் பூசிவிட்டு இறங்கினார். அடுத்த மழையில் மேசை மேல் ஒரு சொட்டு விழவில்லை. பாடகர் குழுவின் தலையில் விழுந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னது: "இவரு தண்ணிய நிறுத்தறவரு இல்லடி. தண்ணிக்கு எடம் மாத்தி உடறவரு." அவரைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. தண்ணீர் எங்கே தெரிகிறதோ அங்கே பூசுவார். எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கமாட்டார். ஒரு பொருளைத் திருகி, கழற்றி, உள்ளே என்ன என்று பார்ப்பது அவருக்கு ஏனோ பயம். மூடியிருப்பதை மேலும் மூடுவார், அவ்வளவுதான்.

பேச்சிலும் அதே கைதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று பிறந்து, அழாமலே போய்விட்டதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அதைப் பற்றி யாராவது தவறிப்போய் ஆரம்பித்தால் அண்ணன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார், அல்லது 'காத்து வருது' என்பார். "அவரு அழுது நான் பாத்ததே இல்ல. கண்ணுக்கும் லப்பம் வெச்சிகீறாரு" என்று அக்கா கேலி செய்வாள். கேலிதான். ஆனால் சொல்லிவிட்டு, அவர் சாத்திய ஜன்னலை எழுந்துபோய்த் திறந்துவைப்பாள்.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய பிக்கப். வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்தது. சித்தூர் மண்டியிலிருந்து வெல்லம் ஏற்றுவார். வெல்லத்துக்கு ஒரு சொட்டு ஆகாது, கசிந்துவிடும். அதனால் பின்னால் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொட்டுகிற மழையில் வந்தாலும் வெல்லம் பொட்டு ஈரமில்லாமல் இறங்கும். முன்னால் கேபினில் உட்கார்ந்திருக்கிற மனிதர்தான் நனைந்து இறங்குவார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தன்மேல் விழுகிற தண்ணீரை அவர் தண்ணீர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் கேபின் ஒழுகியதற்குக் காரணம் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் காரணம் எங்கள் கண்ணுக்கு நேரே, கேபின் நெற்றியில் இருந்தது. எங்கள் சபையில் வருஷப்பிறப்பு ஆராதனையில் அந்த வருஷம் முழுக்க நம்பிப் பிடித்துக்கொள்ள பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் கொடுப்பார்கள். வீட்டு வாசலில் ஒட்டுவார்கள், காலண்டரில் போடுவார்கள். அண்ணன் அதைத் தகரத்தில் எழுதி வாங்கி, வண்டி மேல் முன்பக்கமாக வைத்துத் திருகுவார். ஐயர் வந்து அதன்மேல் கைவைத்து ஜெபம் பண்ணுவார். ஒரு வருஷம் வசனம் சின்னதாக இருக்கும், போர்டும் சின்னது. அடுத்த வருஷம் நீளமான வசனம், நீளமான போர்டு. பழைய துளை பொருந்தாது. புதிதாகத் துளை போடுவார். பழைய துளையில் லப்பம் அடைப்பார். வருஷா வருஷம் இப்படி. ஆண்டவருடைய வார்த்தை இருக்கிற இடத்தில் ஒழுகும் என்று நம்மில் யாருக்குச் சந்தேகம் வரும்? சுற்றிச் சுற்றி எங்கெங்கோ தேடினோம்.

தேடுகிற விதம் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. அக்காவுக்கு உடம்பு கெடாத காலம் அது. அக்காவைக் கேபினுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இவர் வெளியிலிருந்து தோட்டத்துக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். முதலில் கதவுக்குக் கீழே, அப்புறம் கண்ணாடி ரப்பர் ஓரம், அப்புறம் மேலே.

"வர்தா?"

"வர்ல."

"இப்போ?"

"வர்லய்யா. வேர்க்கடல தான் தீந்துபோச்சி. இன்னும் கொஞ்சம் கொண்டாந்து குடு."

உள்ளே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கும் அக்கா, வெளியே தொப்பலாக நனைந்த அண்ணன், வேலியோரம் நின்று சிரிக்கிற நாங்கள். ஒரு சொட்டு உள்ளே வராது. மறுநாள் மழையில் வண்டி ஓட்டினால் ஒழுகும். எங்கள் காம்பவுண்டு தரை பின்னால் சரிவு, நிறுத்திவைத்த வண்டியில் தண்ணீர் பின்பக்கம் ஓடிப்போய்விடும். ரோட்டில் போகும்போது காற்று தண்ணீரைப் போர்டுக்கு அடியில் தள்ளும், ரோடு இடது பக்கம் சாய்வாக இருப்பதால் தண்ணீர் இடது பக்கம் சேரும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. பிற்பாடு தெரிந்து யாருக்கு என்ன பயன்?

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது என்று தெரிந்தபோது அண்ணன் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, குளியலறைச் சுவரை முழுக்கப் பூசியது. சுவரில் ஒன்றுமே இல்லை. நல்ல சுவர். நான் விசாரிக்கப் போயிருந்தேன். கையில் தகடோடு திரும்பிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல பாப்பா, திருப்பதியில ரத்தம் சுத்தம் பண்ணி அனுப்பிருவாங்க. அடச்சிட்டா போச்சி" என்றார். எதை அடைப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பதிக்குப் போகவேண்டும். எனக்குத் திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அதனால் அக்கா போகிற நாட்களில் நானும் அந்த வண்டியிலேயே போக ஆரம்பித்தேன். அண்ணன் ஓட்ட, நான் நடுவில், அக்கா இடது பக்கம் ஜன்னலோரம். அக்காவுக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் பாகாலா தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். ஐயர் தன் காரைக் கொடுத்தார். கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்டதும் அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்து, திரும்பி வரும்போது பாதி வழியில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு, "நம்ம வண்டியே போதும்டி, அதுல காத்தாவது வருது" என்றாள். காற்று மட்டுமா வந்தது?

கையில் ஊசி போடுவதற்காகச் செய்த ஆபரேஷன் சரியாக வரவில்லை. அதனால் கழுத்துக்குக் கீழே, இடது தோள் பக்கமாக ஒரு குழாய் வைத்து, மேலே பிளாஸ்திரி போட்டு அனுப்பினார்கள். அந்த நர்சம்மா பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவாள். அண்ணனை முன்னால் நிறுத்தி விரலை ஆட்டிச் சொன்னாள்: "இக்கட நீள்ளு தகலகூடதய்யா. தண்ணி படவே கூடாது. பட்டா கிருமி நேரா ரத்தத்துக்குள்ள போயிடும். குளிக்கறப்ப கூட இடுப்புக்குக் கீழதான்."

அண்ணன் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். டாக்டர்கள் அதுவரை சொன்ன எதுவும் அவருக்கு எட்டவில்லை. இது எட்டியது. தண்ணீர் படக்கூடாது. இது அவருடைய வேலை.

அதிலிருந்து அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு விஷயமே இல்லாமல் போனது. வெல்லம் ஏற்றுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அக்காவின் முகப்பவுடரை எடுத்துக் கேபினுக்குள் தூண், கதவு, மேலோரம் எல்லாம் தூவிவிடுவார். தண்ணீர் ஓடினால் பவுடரில் கோடு விழும், வழி தெரியும். "எனக்கு வாங்குன பவுடர வண்டிக்குப் பூசறாரு பாரு. அதுக்கு இன்னா, பொண்ணு பாக்கவா வராங்க?" என்பாள் அக்கா. கோடு விழுந்த இடத்திலெல்லாம் சிலிகான் பசை வைத்தார். கண்ணாடி ரப்பரைச் சுற்றி வைத்தார். மேற்கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டையின் ஓரமெல்லாம் பூசினார். கதவுக்கு அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியே போவதற்கு வைத்தவை. வைப்பருக்குக் கீழேயும் அப்படி இரண்டு உண்டு. அவற்றையும் ஓட்டை என்று நினைத்து அடைத்தார். ஓட்டை என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

மழைக்காலம் பிடித்தது. மழை நின்ற பின்னும் சொட்டியது. கதவை ஆட்டினால் உள்ளே சளசளவென்று சத்தம். அக்கா கேபினுக்குள் குடையை விரித்துக்கொண்டு உட்காருவாள். குடைக்கம்பி என் காதைக் குத்தும். நான் ஒரு துண்டை மடித்து அக்காவின் தோளுக்கு மேலே ஏந்திப்பிடிப்பேன். லாரிக்காரர்கள் கடக்கும்போது எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்காவும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். "ஏன்டி, ஊர்கோலம் போற பொண்ணு மாதிரி கீறனா?" எனக்குச் சிரிப்பு வராது. அவள் முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வெளுத்துப்போயிருக்கும். எப்படித்தான் அந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைச் சிரித்தாளோ.

கடைசியில் நான்தான் பிடிவாதம் பிடித்து அண்ணனை வண்டித் தகரம் தட்டுகிற ஒரு டிங்கர் கடைக்கு அழைத்துப்போனேன். அந்தத் தெலுங்குக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"அன்னா, நீள்ளு உள்ள வர்றதுக்கு ஆயிரம் வழி இருக்கும். வெளிய போறதுக்கு இருந்த வழிய எல்லாம் நுவ்வே மூசேசினாவு."

நீயே மூடிவிட்டாய் என்கிறார். எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும் என்றார். மேலே போர்டைக் கழற்றி, முன்கண்ணாடியை இறக்கி, உள்கூரை அட்டையை உரித்துப் பார்த்தால்தான் தெரியும், வண்டியை ஒரு வாரம் விட்டுப்போங்கள் என்றார்.

"ஒரு வாரம் எப்பிடி உடறது? நாளான்னிக்கு ஆஸ்பத்திரி கீதே" என்றார் அண்ணன்.

"போர்டாவது கழட்டு அன்னா. அது கிந்த, அடியில எத்தன ஓட்ட இருக்கோ."

வீட்டில் அக்காவிடம் கேட்டோம். அந்த வருஷத்து வசனம் சுகம் தருவதைப் பற்றியது. அக்கா முதல் தடவையாக என்னிடம் கோபமாகப் பேசினாள். "இந்த வருசம் முடியறதுக்குள்ள அத கழட்டுவீங்களா? எனக்குன்னு குடுத்த வாக்குடி அது. அத கழட்டிட்டு நான் எத நம்பிக்கினு திருப்பதிக்குப் போவணும்?" அண்ணன் தார் டப்பாவை எடுத்தார். வெளியே போய் போர்டைச் சுற்றிலும் தார் பூசினார். அக்காவுக்கு அந்தத் தகரத்தைத் தவிர வேறு பிடிமானம் நான் என்ன தந்துவிட்டேன்?

அப்புறம் அந்த நாள். காலையிலிருந்தே மழை. பாகாலா வரை பெரிதாக ஒழுகவில்லை. அண்ணன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்கூட வந்தது. "தார் புட்சிக்கிச்சி பாத்தியா" என்றார். சந்திரகிரி தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். உள்கூரை அட்டை இடது மூலையில் பிய்ந்து, அதன்மேல் அவ்வளவு நாளும் தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் ஒரே கொட்டாக அக்காவின் கழுத்தில் விழுந்தது. துருக் கலந்த, சிவந்த, நாற்றமடிக்கிற தண்ணீர். குடை கீழே மடியில் இருந்தது. ஒழுகவில்லையே என்று நம்பி மடக்கிவைத்திருந்தாள்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி ஓடிவந்தார். தன் சட்டையைக் கழற்றி அக்காவின் கழுத்தில் ஒற்றினார். சட்டையும் நனைந்துதான் இருந்தது. ஒற்ற ஒற்ற ஈரம் கூடியதே தவிரக் குறையவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லய்யா, ஒண்ணும் இல்ல, ஒதறாத" என்றாள். நடுரோட்டில் வெறும் மேலோடு நின்று அந்த மனிதர் சட்டையைப் பிழிந்து பிழிந்து ஒற்றிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே அழைத்துப்போய்ப் பிளாஸ்திரியைப் பிரித்துத் துடைத்து வேறு கட்டுப் போட்டார்கள். ஊசியும் போட்டார்கள். அண்ணன் உள்ளே வரவில்லை. வெளியே நின்று, பிய்ந்த அட்டையைப் பிடித்து மேலே தள்ளி, விரலால் சிலிகான் அப்பிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை போவதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் தூக்கியது, உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. படுக்கையில் சேர்த்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மழை விடுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அண்ணனிடம் ஒரே மாதிரி சொன்னார்கள். நீ என்ன பண்ணுவே, உன்னால ஆனத பண்ணே, ஆண்டவர் சித்தம். அவர் கேட்டுக்கொண்டார். டாக்டரிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்டாராம்: கிருமி எந்த வழியாக உள்ளே போனது? டாக்டர், அது குழாய் வைத்த எல்லோருக்கும் வரக்கூடியதுதான், தோல் வழியாக வரலாம், கை பட்டு வரலாம், எதனாலும் வரலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றாராம். எல்லோருக்கும் ஆறுதலாகப் படுகிற அந்தப் பதில் அவரை அரித்துத் தின்றது. நர்சைக் கேட்டார், ஐயரைக் கேட்டார், மருந்துக்கடைக்காரனைக் கேட்டார். என்னைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்டார். "நீ பக்கத்துல தான இருந்த பாப்பா. அந்தத் தண்ணிதான? சொல்லு."

"தெரியலண்ணா" என்பேன்.

அப்புறம்தான் அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றை உள்ளே பார்ப்பதற்காகப் பிரித்தார். வண்டியை வாசலில் நிறுத்தி, போர்டைக் கழற்றினார், கண்ணாடியை இறக்கினார், சீட்டைத் தூக்கி வெளியே போட்டார், உள்கூரை அட்டையை முழுசாக உரித்தார். போர்டுக்கு அடியில் பார்த்தால் தகரம் சல்லடையாக இருந்தது. ஒவ்வொரு வருஷத்துத் துளையிலும் லப்பம் காய்ந்து சுருங்கி, சுற்றிலும் துரு. மழைக்கு வண்டியை மூடக்கூட இல்லை. ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னால், "இன்னாத்துக்கு?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது இந்த மனிதர் இனி தேறமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபடியேதான் ஆனது. இப்போது குடுபல்லியில் தங்கை வீட்டில் இருக்கிறார். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், யாரோடும் பேச்சில்லை என்று அந்தத் தங்கை போனில் அழுகிறாள்.

அவர் அங்கே போவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அந்த நர்சம்மாவைப் பார்த்தேன். அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் அந்தத் தண்ணீர் கொட்டிய நாளைச் சொல்லி வருத்தப்பட்டேன்.

"அது இல்லம்மா" என்றாள் அவள். "அன்னிக்கு நான் கட்டு பிரிச்சப்பவே உள்ள சிவந்து சீழு கட்டிட்டு இருந்துச்சி. அது அன்னிக்கு வந்தது இல்ல. முந்தின வாரமே ஆரம்பிச்சிருக்கு. ஒரு வாரமா வீட்ல குளிர் வந்துச்சி, அவருக்கு சொல்லாத, பாவம் ஏற்கெனவே பைத்தியமாட்டம் சுத்தறாருன்னு அந்தம்மாவே சொல்லிச்சி."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை. கையில் ஒரு விடுதலைப் பத்திரம் கிடைத்தது போல இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, சித்தூரில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவர் வாசலுக்குப் போனேன். வெளியே கிடந்த வண்டிச் சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அந்தத் தண்ணி இல்லண்ணா, அதுக்கு முன்னாடியே வந்துட்டிருக்கு, நர்சே சொல்றாங்க, முந்தின வாரமே.

அவர் அசையாமல் கேட்டார்.

"முந்தின வாரமா?"

"ஆமாண்ணா. முந்தின வாரம் மழையே இல்ல. நல்லா நெனச்சிப் பாருங்க. வெயில் அடிச்சிச்சி. நான் மொத்தத் துணியும் தொவச்சிக் காயப் போட்டேன். ஒரு சொட்டு மழ இல்ல."

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவர் முகம் இதோ தெளியப்போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மெதுவாக எழுந்துபோய், சுவரில் சாத்தியிருந்த அந்த உள்கூரை அட்டையை எடுத்துவந்து என் முன்னால் பிடித்தார். இடது பக்கம் வட்டம் வட்டமாகக் கறை, ஒன்றுக்குள் ஒன்றாக.

"இத பாரு. மழ நின்னா தண்ணி நிக்கல பாப்பா. இதும்மேல குளமா நின்னுக்கினு இருந்திருக்கு. அது போற வழிய நான்தான் அடச்சேன். வெயில்லயும் சொட்டி இருக்கும். வண்டி குலுங்கறப்ப எல்லாம் சொட்டி இருக்கும். அவ சொல்லி இருக்க மாட்டா." அட்டையைக் கீழே வைத்தார். "நீ நடுவுல ஒக்காந்துக்கினு இருந்த. முந்தின வாரம், வெயில் நாள்ல, அவ தோள் ஈரமா இருந்துச்சா?"

அந்த வாரம் ஒரு வெயில் நாளில், பாகாலா ரயில்வே கேட்டில் நிற்கும்போது, அக்கா முந்தானையை எடுத்து இடது தோளைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று நினைத்தேன்.

"இல்லண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை.